பெர்லினில் நல்ல மெக்சிகோ உணவகத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகள் சேலத்தில் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகள் பெர்லினில் வேலை பார்த்துவிட்டு அஸ்தம்பட்டிக்குத் திரும்பியவன் என்பதால், பெட்டி கட்டும் வாரத்தில் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. சென்ற முறை வந்தவன் அம்மாபேட்டையில் இருக்கும் என் அக்காவின் மகன். "மாமா, அங்கே நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. கிடைக்கும் என்றேன். ஆனால் அங்குள்ள இந்திய உணவகங்கள் பலவற்றில் எந்தக் குழம்பை வாங்கினாலும் கிரீமும் இனிப்பும் முந்திக்கொண்டு நிற்கும். காரமும் புளிப்பும் கொத்தமல்லித் தழையும் ஒருசேர வேண்டும் என்று நாக்கு அடம்பிடித்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது மெக்சிகோ உணவுதான். அதிலும் நல்லதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று; அந்த ஓராண்டை மிச்சப்படுத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைகளின் பெயர்ப் பட்டியலை நான் தரப்போவதில்லை. பெர்லினில் வாடகை ஏறும் வேகத்தில் இன்று இருக்கும் கடை அடுத்த ஆண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. சமையல்காரர் மாறினாலே கடை மாறிவிடும். அடையாளங்களைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

முதலில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் 'மெக்சிகோ உணவகம்' என்ற பலகையைத் தாங்கி நிற்பவற்றில் கணிசமானவை உண்மையில் டெக்ஸ்-மெக்ஸ் கடைகள். அதாவது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்த கலப்புச் சமையல். அது ஒரு தனி மரபு, அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் தேடிப் போனது அதுவல்ல. டாக்கோ என்பது சிறு ரொட்டியில் கறியோ காயோ வைத்து மடித்துத் தின்னும் பண்டம். படகு போல வளைத்து முன்கூட்டியே பொரித்து வைத்த டாக்கோ ஓடு, அதன்மேல் உருகி வழியும் மஞ்சள் சீஸ், அரைத்த மாட்டிறைச்சியும் பீன்சும் சேர்ந்த 'சில்லி கோன் கார்னே', பக்கம் முழுக்கக் காக்டெயில் வகைகள் ஆகியவை பட்டியலில் முன்னால் நின்றால் அது டெக்ஸ்-மெக்ஸ் கடை. மொறுமொறுப்பான மக்காச்சோளச் சில்லுகளின்மேல் சீஸை உருக்கித் தரும் நாச்சோஸ்கூட 1940-களில் எல்லையோர நகரமான பியெத்ராஸ் நெக்ராஸில் அமெரிக்க விருந்தினருக்காகச் செய்யப்பட்ட பண்டம்தான். நம் மூக்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு: வாசலை நெருங்கும்போதே சீரக வாசனை தூக்கலாக அடித்தால் ஐயப்படுங்கள். மெக்சிகோவில் சீரகம் அளவோடு புழங்கும் பொருள். அதை அள்ளிப் போடுவது டெக்சாஸ் கைப்பழக்கம்.

நான் முதன்முதலில் நுழைந்த கடையில் இந்த அடையாளங்கள் எல்லாமே இருந்தன. சுவரில் அகன்ற விளிம்புத் தொப்பிகள் மாட்டியிருந்தார்கள், மேசையில் பிளாஸ்டிக் கள்ளிச்செடி வைத்திருந்தார்கள். மெக்சிகோவின் சட்னியான சால்சா என்று வந்ததோ சர்க்கரை கரைத்த தக்காளிச் சாறு. தொப்பிகளின் எண்ணிக்கை கூடக் கூடச் சமையல் மட்டமாக இருக்கும் என்ற என் கணக்கு அன்று தொடங்கியது, பிறகு அநேகமாகப் பொய்த்ததில்லை.

இனி தலையாய விஷயத்துக்கு வருகிறேன். மெக்சிகோ உணவகத்தின் தரம் முழுவதும் 'டோர்ட்டியா' என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் அடங்கியிருக்கிறது. நல்ல டோர்ட்டியாவுக்கு மக்காச்சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோலை நீக்கி, ஈரமாகவே அரைப்பார்கள். நிஸ்தமால் எனப்படும் இந்த முறையினால்தான் மாவுக்குப் பிசுபிசுப்பு வந்து, ரொட்டி விரியாமல் தட்ட முடிகிறது. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடம்பில் சேர்வதும் இந்தச் சுண்ணாம்பினால்தான். ஐரோப்பியர்கள் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளத்தைக் கொண்டுவந்தார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டு வந்தார்கள். விளைவாக 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் அதையே அன்றாட உணவாகக் கொண்ட ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் வாட்டியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்குவத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை.

எனவே கடையில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டோர்ட்டியா மக்காச்சோளமா, கோதுமையா என்பது. ஸ்பானிய மொழியில் 'மாயிஸ்' என்றால் மக்காச்சோளம், 'அரீனா' என்றால் மாவு; டோர்ட்டியா விஷயத்தில் அது கோதுமை மாவைக் குறிக்கும். கோதுமை என்றாலே போலி என்று எண்ண வேண்டாம். சோனோரா, சிவாவா போன்ற வட மாநிலங்களில் கோதுமை டோர்ட்டியாதான் வழக்கம், அதில் கறியையும் பீன்சையும் வைத்துச் சுருட்டித் தரும் புரிட்டோவும் அந்தப் பக்கத்துப் பண்டமே. ஆனால் டாக்கோவுக்கும் கோதுமையையே கொடுத்துவிட்டு, மக்காச்சோளம் இல்லவே இல்லை என்று சொல்லும் கடையில் எழுந்து வந்துவிடுவது நல்லது. இரண்டாவது கேள்வி, டோர்ட்டியாவை இங்கேயே தட்டுகிறீர்களா என்பது. ஆம் என்று சொல்லும் கடைக்காரர் பெரும்பாலும் அதோடு நிறுத்த மாட்டார், மக்காச்சோளம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதுவரை சொல்லிவிடுவார்.

தட்டு வந்ததும் மேலே உள்ளதை விலக்கிவிட்டு ரொட்டியை மட்டும் ஒரு விள்ளல் பிய்த்துத் தின்று பாருங்கள். உள்ளங்கை அகலத்தில், சூடாக, ஆங்காங்கே கருகிய புள்ளிகளுடன் இருக்க வேண்டும்; மடித்தால் வெடிக்கக் கூடாது. ஏற்காடு ஏரிக்கரையில் வேகவைத்த சோளக்கதிரின் மடலை உரிக்கும்போது ஓர் ஆவி முகத்தில் அடிக்குமல்லவா, அந்த வாசனையோடு மண்வாசனையும் கொஞ்சம் கலந்திருந்தால் அது நிஸ்தமால். அட்டை வாசனை வந்தால் பாக்கெட் சரக்கு.

டோர்ட்டியாவுக்கு அடுத்தது சால்சா. இதில் சேலத்துக்காரர்களுக்குத் தனிப் பயிற்சியே உண்டு என்பேன். தட்டுவடை செட் தின்று வளர்ந்தவர்கள் கடையை எப்படி அளக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தட்டுவடை நமுத்திருக்கிறதா, பச்சைச் சட்னி இன்று அரைத்ததா, சிவப்புச் சட்னியில் பூண்டு தெரிகிறதா, பீட்ரூட்டும் கேரட்டும் துருவி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரே கடியில் கணக்குப் போட்டுவிடுகிறோம். பொரித்த டோர்ட்டியாவின்மேல் பீன்சும் காயும் சால்சாவும் அடுக்கித் தரும் 'தோஸ்தாதா' நம் தட்டுவடை செட்டுக்குத் தூரத்து உறவு, அளவுகோலும் அதேதான். நல்ல கடையில் குறைந்தது இரண்டு சால்சாக்கள் இருக்கும், அவை நிறத்தில் மட்டுமல்லாமல் ருசியிலும் வேறுபடும். சிவப்பில் சுட்ட தக்காளியும் வறுத்த காய்ந்த மிளகாயும் தெரிய வேண்டும். பச்சைச் சால்சாவுக்குத் தொமாத்தியோ என்ற காய் வேண்டும். நம் வரப்போரங்களில் காகிதக் கூட்டுக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளியின் இனம்தான் அது, அளவில் மட்டும் பெரிது. ஐரோப்பாவில் அது பச்சையாகக் கிடைப்பது அரிது என்பதால் டப்பாவில் வந்ததைப் பயன்படுத்தினால் குற்றமில்லை. தக்காளிக்காயை அரைத்து ஒப்பேற்றினால்தான் குற்றம்.

காரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பரிமாறுபவர் 'ஷார்ஃப்', அதாவது காரம், என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னால் அது ஜெர்மானிய நாக்குக்கான அளவு. உள்ளே வேலை செய்பவர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் சால்சா கிடைக்குமா என்று கேளுங்கள். நான் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். மறுத்தவர்களைவிடச் சிரித்துக்கொண்டு எடுத்து வந்தவர்களே அதிகம். ஹாபனேரோ மிளகாய் என்றால் மட்டும் கரண்டி நுனியில் தொடங்குவது நல்லது.

இறைச்சி உண்பவர்களுக்கு 'அல் பாஸ்தோர்' டாக்கோ நல்ல உரைகல். லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மா, அங்கே பன்றி இறைச்சிக்கு மாறி, மிளகாயும் அச்சியோட்டே என்னும் செந்நிற விதையும் அரைத்த விழுதில் ஊறி, உச்சியில் அன்னாசிப்பழத்துடன் செங்குத்துக் கம்பியில் சுழலும் பண்டம் அது. பெர்லினில் தெருமுனைதோறும் சுழலும் துருக்கிய டோனர் கபாபும் அதே வம்சம் என்பதால் கம்பியைக் கண்டு ஏமாற இடமுண்டு. அன்னாசியையும் செந்நிறத்தையும் பாருங்கள். கம்பியே இல்லாமல் வாணலியில் வதக்கி அதே பெயரில் தருபவர்களும் இருக்கிறார்கள். சில இடங்களில் அதுவும் ருசியாகவே இருந்தது, ஆனால் விளிம்பில் முறுகிய துணுக்குகள் கிடைக்காது.

தேடுவதற்கு வரைபடச் செயலியில் 'மெக்சிகோ உணவகம்' என்று போடாமல், டாக்கோ கடையைக் குறிக்கும் 'தாக்கேரியா' என்ற சொல்லை ஸ்பானிய எழுத்துக்கூட்டலில் (taqueria) இடுங்கள். நட்சத்திரங்களைப் பார்க்காமல், ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட கருத்துகளை மொழிபெயர்த்துப் படியுங்கள். மெக்சிகோக்காரர் ஒருவர் தம் பாட்டியின் சமையலோடு ஒப்பிட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட அந்தக் கடை ஒருமுறை போய்ப் பார்க்கத் தக்கதே. கிராய்ட்ஸ்பெர்க், நொய்கோல்ன், பிரென்ஸ்லாவர் பெர்க் ஆகிய பகுதிகளில் தொடங்கலாம். கிராய்ட்ஸ்பெர்கில் உள்ள மார்க்ட்ஹாலே நொய்ன் என்னும் பழைய சந்தைக் கட்டடத்தில் 2013 முதல் வியாழன் மாலைகளில் தெருவுணவுக் கடைகள் போடுவது வழக்கம். அங்கே எந்தெந்த நாட்டுக் கடைகள் வந்திருக்கின்றன என்று ஒரு நடை நடந்து பார்க்கலாம். மாட்ரிட்டுக்குப் போனால் மட்டும் ஒரு குழப்பம் வரும்: அங்கே டோர்ட்டியா என்று கேட்டால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடைதான் வரும்.

பட்டியலில் கண்ணை ஓட்டும்போது சில சொற்கள் தென்பட்டால் நம்பி உட்காரலாம். கொச்சினீத்தா பிபில் என்பது யுகாத்தான் பகுதியில் வாழையிலையில் சுற்றிச் சமைக்கும் பன்றி இறைச்சி. மோலே என்பது காய்ந்த மிளகாய், எள், கொட்டை வகைகள், சில வகைகளில் சாக்லேட் எனப் பல பொருள்களை வறுத்து அரைத்த குழம்பு. புவேப்லாவும் ஓஹாகாவும் அதற்குப் பேர்போனவை. நொப்பாலேஸ் என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர்த் தரிசுகளில் முள்ளோடு கிடக்கும் சப்பாத்திக்கள்ளி இனத்தின் இளந்தண்டு. உயித்லாகோச்சே என்பது கரிப்பூட்டை என்னும் பூஞ்சை நோய் பிடித்து உப்பிய மக்காச்சோளக் கதிர். ஆத்தூர், தலைவாசல் பக்கத்து விவசாயியிடம் இதைக் காசு கொடுத்துத் தின்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார், ஆனால் காளானைப் போல் அருமையாக இருக்கும்.

நாளும் பார்த்துப் போகலாம். மெக்சிகோவின் விடுதலை நாள் செப்டம்பர் 16; அதற்கு முந்தைய இரவே கொண்டாட்டம் தொடங்கிவிடும், அப்போது பொசோலே என்னும் சோளமணிக் கறிச்சாறு சமைக்கும் கடை அசல் கடை. நவம்பர் 1, 2 தேதிகளில் முன்னோர் நினைவாகச் செய்யும் ரொட்டி கிடைக்கிறதா என்று பாருங்கள். 1862-இல் புவேப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற மே 5-ஐ மட்டும் சுதந்திர தினம் என்று விளம்பரப்படுத்தும் கடை, தன் நாட்டு வரலாற்றை அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொண்ட கடை.

சைவ உணவுக்காரர்கள் இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். மசித்து வதக்கிய பீன்சைப் பன்றிக் கொழுப்பில் செய்வது மரபு, சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. 'கொழுப்பு' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மந்தேகா' என்றும், ஜெர்மனில் 'ஷ்மால்ட்ஸ்' என்றும் சொல்வார்கள். இந்த இரு சொற்களைச் சொல்லிக் கேட்டுவிட்டே வாங்குங்கள். பெர்லினில் சைவக்காரர்கள் அதிகம் என்பதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வேறு தலைநகரங்களுக்குப் போகிறவர்கள் கோபன்ஹேகனில் ரோசியோ சான்செஸ் 2015-இல் தொடங்கிய 'இஹா தே சான்செஸ்' டாக்கோ கடையையும், காசு கூடுதலாக இருந்தால் லண்டனில் சாந்தியாகோ லாஸ்த்ராவின் 'கோல்' உணவகத்தையும் விசாரிக்கலாம். பின்னது, எலுமிச்சையும் அவகாடோவும் இறக்குமதி செய்யாமல் பெரும்பாலும் பிரிட்டனில் விளைவதைக் கொண்டு மெக்சிகோ முறையில் சமைத்து மிஷலின் நட்சத்திரம் பெற்ற இடம்.

எல்லாம் தேடியும் வாய்க்கவில்லை என்றால் லத்தீன் அமெரிக்க மளிகைக் கடையில் 'மாசா அரீனா' என்று கேட்டு ஒரு பொட்டலம் வாங்குங்கள். சுண்ணாம்புப் பக்குவம் செய்து உலர்த்திய மாவு அது. சாதாரண மக்காச்சோள மாவை வாங்கிவிட்டால் ரொட்டி தட்டவே வராது. வெந்நீர் விட்டுக் காதுமடல் பதத்துக்குப் பிசைந்து, அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடி வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே எலுமிச்சை அளவு உருண்டையை வைத்து அடிகனமான பாத்திரத்தால் அழுத்தினால் வட்டம் வந்துவிடும். நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் எண்ணெய் விடாமல் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் வீதம் போட்டு எடுக்கலாம். அக்கா மகனின் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோசைக்கல்லை வைத்து அனுப்பினோம்.