மெஷினில் அடிபட்டால் அன்றைக்கே கவனிக்க வேண்டியவை

மெஷினில் கை மாட்டினால் முதலில் சிகிச்சைதான். ஆனால் அங்கேயே, "வேலை செய்யும்போது இந்த மெஷினில் அடிபட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி, சீட்டிலும் எழுத வையுங்கள். "வீட்டில் விழுந்துட்டேன்னு சொல்லிடு, செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அப்புறம், மெஷினைச் சரிசெய்வதற்குள் கூட வேலை செய்பவரை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பெல்ட் மேல் இருக்க வேண்டிய மூடி கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தால் அதையும் சேர்த்து. மூடி இல்லாத மெஷினில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்பது 1963-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 119-வது உடன்படிக்கையில் வந்துவிட்டது.

"என் கவனக்குறைவுதானே" என்று பலர் பேசாமல் இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1884-இல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டைப் பின்பற்றி, பல நாடுகளின் சட்டங்கள் யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலையால் வந்த காயமா என்றுதான் பார்க்கின்றன.

நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.