கடலோரத்துக்காரர்களுக்கு முதல் பனிச்சறுக்கு: ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பனிச்சறுக்கு என்றாலே பலரும் சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட்டைத்தான் கைகாட்டுவார்கள். அங்கே 3,883 மீட்டர் உயரம் வரை ரோப் காரில் போகலாம், கோடையிலும் சறுக்கலாம். ஆனால் மண்டபத்திலோ தொண்டியிலோ வளர்ந்து, பனியை மிதித்தே பார்க்காத ஒருவருக்கு ஊரின் புகழ் உதவாது. ஒரு நோட்டை எடுங்கள். மனத்தில் உள்ள ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே கீழ்க்கண்டவற்றைக் குறியுங்கள்.

முதலில் மாதம். காஷ்மீரின் குல்மார்க், ஜப்பான், ஐரோப்பா எல்லாவற்றுக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். மே விடுமுறையில் அங்கெல்லாம் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். நியூசிலாந்திலும் சிலியிலும் ஜூனில்தான் தொடங்கும்.

இரண்டாவது, இரவில் தூங்கப்போகும் உயரம். எல்லாவற்றுக்கும் மேலாக இதைத்தான் பார்க்கச் சொல்வேன். விளம்பரங்கள் மலையுச்சியின் உயரத்தைப் பெரிதாகப் போடும்; நமக்கு வேண்டியது விடுதியின் உயரம். ஜப்பானின் நிசேகோ அடிவாரம் ஏறக்குறைய 300 மீட்டர். பிரான்ஸின் சாமோனி 1,035. குல்மார்க் 2,650. அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 2,900 மீட்டரைத் தாண்டும். கடல்மட்டத்திலிருந்து கிளம்பி, அன்றைக்கே 2,500 மீட்டருக்கு மேல் போய்ப் படுத்தால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். குல்மார்க் போகிறவர்கள் ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள்.

அடுத்து, பனி. வாடைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிவந்து ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கொட்டுகிறதல்லவா? அதேபோல் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு ஹொக்கைடோ மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. அதனால்தான் நிசேகோவில் பனி அவ்வளவு ஆழமாகவும் மென்மையாகவும் இருக்கிறது. உத்தராகண்டின் அவுலியில் பனி போதாமல் போட்டிகளே ரத்தாகியிருக்கின்றன. அங்கே போவதானால் கடைசி நேரத்தில் விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நான்காவது, சரிவின் நிறம். சரிவு எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள். ஐரோப்பாவில் நீலம் எளிய சரிவு. அமெரிக்காவில் நீலம் நடுத்தரம், பச்சைதான் எளிது. முதல் நாள் கற்பது வேகத்தைக் குறைக்கத்தான்: காலில் மாட்டிய இரு சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்த வேண்டும். இதைப் பழக அகலமான, சாய்வு குறைந்த இடம் வேண்டும். குல்மார்க்கில் அது கீழேயே இருக்கிறது. கோண்டோலா எனப்படும் அங்குள்ள ரோப் காரின், 4,000 மீட்டரை நெருங்கும் இரண்டாம் கட்டத்துக்குப் பலகையோடு ஏறாதீர்கள். அங்கே பனி பாளமாகச் சரிந்து விழும் அபாயம் உண்டு.

செலவில் விமான டிக்கெட்டை மட்டும் எழுதாதீர்கள். சரிவின் மேலே ஏற்றிவிடும் லிப்ட் கட்டணம், பலகை, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை, பயிற்சியாளர், பனிச்சறுக்குக் காயங்களையும் சேர்த்த காப்பீடு எல்லாம் வரும்.

கீழக்கரைப் பக்கம் துபாயில் உறவினர் உள்ளவர்கள் அதிகம். அவர்களைப் பார்க்கப் போகும்போது, 2005இல் பேரங்காடிக்குள் திறக்கப்பட்ட ஸ்கி துபாய் என்ற உள்ளரங்கப் பனிச்சறுக்குத் தளத்தில் ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்தது குல்மார்க். விசா வேண்டாம், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனமும் அங்கே இருக்கிறது. பிப்ரவரி வகுப்புக்கு நவம்பரிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.