புது கார் ஓடும்போதே இழுவை குறைந்தால்: ஆதாரம் சேர்ப்பது எப்படி?

வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத கார். முன்னால் போன லாரியை முந்தலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவே இல்லை. என்ஜின் ஓடுகிறது, வேகம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் எதுவுமே நடக்காததுபோல ஓடியது. சர்வீஸ் சென்டரில் "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு முறை இதே கதை. மூன்றாம் முறை கையில் ஆதாரத்தோடு போனேன். அன்றைக்கே கோளாறு பிடிபட்டது.

அதனால் ரிப்பேர் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. வாரண்டியில் இருக்கிற வண்டியில் நாம் ஸ்பானர் வைக்கவே கூடாது. வந்து வந்து மறைகிற கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் நம் வேலை.

படி 1: பத்திரமாக ஓரங்கட்டுங்கள்

ஹசார்டு விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக ஓரத்துக்கு வாருங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் இது சிரமமில்லை. முழுவதும் நின்றுபோனால்தான் கவனம் வேண்டும். ஸ்டீயரிங் கனத்துப்போகலாம், இருந்தாலும் திரும்பும். பிரேக் பூஸ்டரில் (மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பகுதி) மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் உதவும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துவிடும். ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்றபிறகு, போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்குங்கள்.

படி 2: அணைப்பதற்குமுன் டாஷ்போர்டைப் படமெடுங்கள்

பதற்றத்தில் எல்லோரும் முதலில் சாவியைத் திருப்பிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது சில எச்சரிக்கைகள் மறைந்துவிடும். ஆனால் ஆயில் அல்லது வெப்பநிலை விளக்கு சிவப்பில் எரிந்தால் படமெல்லாம் அப்புறம். உடனே என்ஜினை அணையுங்கள்.

மஞ்சள் நிற என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு சென்சார் வழக்கத்துக்கு மாறான அளவைக் கண்டிருக்கிறது என்று பொருள். அது விட்டுவிட்டு மின்னினால் விஷயம் வேறு: சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் எரியாத எரிபொருள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். மின்சார காரில் ஆமைப் படம் வந்தால் பவர் குறைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: என்ஜின் தானாக நின்றுபோனால் ஆயில், பேட்டரி விளக்குகள் எரியத்தான் செய்யும். என்ஜின் சுற்றாததன் விளைவு அது, காரணம் அல்ல.

வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை, ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 3000-ஐத் தாண்டவில்லை என்றால் கார் 'லிம்ப் மோடு'க்குப் போயிருக்கலாம். பெரிய சேதம் வராமல் இருக்க கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடுகிற ஏற்பாடு அது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிடுவது இதனால்தான். சரியானது கம்ப்யூட்டரின் மனநிலை மட்டும்தான், கோளாறு அப்படியே இருக்கிறது.

படி 3: கோளாறே இல்லாத கோளாறுகளை ஒதுக்குங்கள்

புது வண்டியில் பட்டன்கள் பழகியிருக்காது. ஸ்டீயரிங்கில் கைபட்டு வேகக் கட்டுப்பாடு ஆன் ஆகியிருக்கலாம். எரிபொருளைச் சேமிக்கும் எக்கோ மோடில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்காமல் இருக்கலாம். சிக்னலில் என்ஜின் நின்று, பிரேக்கை விட்டதும் தானே கிளம்பினால் அது ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் கருவி) இல்லாத என்ஜின் மலை ஏறும்போது காற்று அடர்த்தி குறைவதால் 1000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் பவரை இழப்பதும் இயல்புதான்.

படி 4: குறிப்பு எழுதுங்கள்

மொத்த விளக்கத்திலும் முக்கியமானது இதுதான். ஒவ்வொரு முறை நடந்ததும் (ஓரங்கட்டியபின்!) இவற்றை எழுதுங்கள்: தேதி, ஓடோமீட்டர் கிலோமீட்டர், அப்போதைய வேகம், கியர், ஆர்பிஎம், ஏற்றமா சமதளமா, ஏசி ஓடியதா, என்ஜின் சூடேறியிருந்ததா, எரிபொருள் எவ்வளவு இருந்தது, கடைசியாக எப்போது நிரப்பினீர்கள், மழையா.

நாலைந்து குறிப்பு சேர்ந்ததும் ஒரு போக்கு தெரியும். முழு மிதியில், ஏற்றத்தில் மட்டும் வந்தால் டர்போ குழாயில் கசிவு அல்லது எரிபொருள் அழுத்தக் குறைவு. பள்ளத்தில் குலுங்கும்போது வந்தால் கனெக்டரோ எர்த் ஒயரோ தளர்ந்திருக்கலாம். மழைநாளில் என்றால் ஈரம் எங்கோ புகுகிறது. நிரப்பியவுடன் தொடங்கினால் எரிபொருளையே சந்தேகப்படுங்கள். டீசல் காரைக் குறுகிய தூரத்துக்கு மட்டுமே ஓட்டுகிறவர்களுக்குப் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். என்ஜின் சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நிறுத்திவைத்த வண்டியில் எலி ஒயரைக் கடிப்பதும் உண்டு, வண்டி புதிது பழையது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

முடிந்தால் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மிதியின் நிலையும் ஆர்பிஎம் முள்ளும் ஒரே படத்தில் தெரிந்தால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஓட்டுகிறவர் எடுக்கவே கூடாது.

படி 5: எரர் கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் இணைப்பு) இருக்கும். அதில் ஒரு சிறு ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கோளாறைக் குறிக்கும் எரர் கோடு போனிலேயே தெரியும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமை), பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை, பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பநிலை போன்றவற்றை 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று கார் சேமித்துவைத்திருக்கும். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள்.

'கிளியர்' பட்டனை மட்டும் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டும் யோசனைக்கும் செவிசாய்க்காதீர்கள். இரண்டுமே சாட்சியைக் கலைக்கும் வேலை. அப்புறம், கோடு தீர்ப்பு அல்ல, திசைகாட்டி. பி0299 வந்ததும் டர்போவையே மாற்றவேண்டும் என்று நினைக்கவேண்டாம்.

படி 6: சர்வீஸ் சென்டரில்

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நான்காவது கியரில், ஏற்றத்தில், முழு மிதியில், 2500 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை போகிறது" என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் புகாரைப் பதியும் தாள்) எழுதவையுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே நிலையில் ஓட்டிக்காட்டுங்கள். உங்கள் மாடலுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் அல்லது ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

"கோளாறு இல்லை" என்று திருப்பித் தந்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். பின்னால் வண்டியை மாற்றித் தரும்படி கேட்கும் நிலை வந்தால், எத்தனை முறை சரிசெய்ய வாய்ப்பு கொடுத்தீர்கள் என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி.

அதுவரை ஓட்டலாமா? மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி சீராக ஓடினால் மெதுவாகச் சர்வீஸ் சென்டர்வரை போகலாம். விளக்கு மின்னினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஒருமுறையாவது நடுவழியில் என்ஜின் நின்றிருந்தாலோ, வண்டியை மீட்பு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

என் காரில் வந்தது பி0299. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் கிளாம்ப் சரியாக இறுக்கப்படவில்லை. முழு மிதியில் அழுத்தம் ஏறும்போது மட்டும் காற்று கசிந்திருக்கிறது; சர்வீஸ் சென்டர் வாசலில் மெதுவாகச் சுற்றிப்பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கிளாம்ப்பை இறுக்கினார்கள். வண்டியை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஏற்றத்தில் முழு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.