அந்தப் பக்கம் என்ன செருகியிருக்கிறது?

ஒரே நெட்வொர்க் ஸ்விட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பதுதான் வீலேன். அதை அமைக்க உட்காரும்போது நான் முதலில் எடுப்பது ஒரு தாள். போர்ட் எண், மறுமுனையில் என்ன கருவி, அதற்கு டேக் புரியுமா என்று மூன்று கட்டம் போட்டு நிரப்புவேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

டேக் என்பது, எந்த வீலேனுக்கு உரியது என்று காட்ட, 802.1கியூ தரப்படி ஈதர்நெட் ஃபிரேமுக்குள் (தரவுப் பொட்டலத்துக்குள்) செருகும் 4 பைட். வீலேன் எண்ணுக்கு அதில் 12 பிட். நாம் பயன்படுத்தக்கூடியது 1 முதல் 4094 வரை.

கணினி, பிரிண்டர் மாதிரி டேக்கோடு பேசாத கருவி என்றால் அக்ஸஸ் போர்ட், அதாவது ஒரே வீலேனுக்கான போர்ட். சிஸ்கோ பாணியில் ‘ஸ்விட்ச்போர்ட் மோட் அக்ஸஸ்’, ‘ஸ்விட்ச்போர்ட் அக்ஸஸ் வீலேன் 10’. அவ்வளவுதான்.

இன்னொரு ஸ்விட்ச், ரவுட்டர், பல வைஃபை பெயர்களை ஒளிபரப்பும் அக்ஸஸ் பாயிண்ட் என்றால் ட்ரங்க், அதாவது பல வீலேன்களை டேக்கோடு சுமக்கும் போர்ட். ‘ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்’ என்று போட்டு, ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 10,20’ என்று தேவையானதை மட்டும் விடுங்கள். பிறகு 30ஐச் சேர்க்க வேண்டுமா? ‘அலவ்ட் வீலேன் ஆட் 30’. அந்த ‘ஆட்’ விட்டுப்போனால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். ஒருமுறை தொலைவிலிருந்து அப்படித்தான் தட்டினேன். என் இணைப்பே 20 வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரை அப்படியே உறைந்தது. ஸ்விட்சில் நேரடியாகச் செருகி அமைக்கும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு நேரில் ஓடினேன். இப்போதெல்லாம் ட்ரங்கைத் தொடுமுன், ஓடும் அமைப்பைச் சேமித்துவிட்டு, ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிடுவேன். மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே எழுந்து பழைய நிலைக்கு வரும்.

ட்ரங்கில் டேக் இல்லாமல் வருவது நேட்டிவ் வீலேனில் விழும். வழக்கமாக அது 1. இரு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு பச்சையாகவே எரியும், ஒரு வீலேனின் போக்குவரத்து மட்டும் இன்னொன்றுக்குள் கசியும்.

ஹுவாவேயில் ஹைப்ரிட் என்று மூன்றாவது வகை உண்டு: ஒரே போர்ட்டில் சில வீலேன் டேக்கோடும், பல வீலேன் டேக் இல்லாமலும் வெளியேறலாம். உள்ளே வரும் டேக் இல்லாத ஃபிரேம் எங்கே போகும் என்பதைப் பிவிஐடி (போர்ட்டுக்கென்று குறித்த வீலேன் எண்) முடிவு செய்கிறது. பிரவுசரில் அமைக்கும் சின்ன ஸ்விட்சுகளிலும் இதே கதைதான். அன்டேக்ட் உறுப்பினர் (எந்த வீலேன் டேக் இல்லாமல் வெளியேறும் என்ற பட்டியல்) ஒரு பக்கத்தில், பிவிஐடி வேறொரு பக்கத்தில் இருக்கும். போர்ட்டை 20இல் சேர்த்துவிட்டுப் பிவிஐடியை 1இலேயே விட்டால், 20இன் பேச்சு கணினிக்குக் கேட்கும். கணினி பேசுவதோ 1க்குப் போகும். டிஹெச்சிபி முகவரி (கருவிக்குத் தானாகக் கிடைக்கும் ஐபி முகவரி) வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பிவிஐடியைத்தான்.

சரிபார்க்க ‘ஷோ வீலேன் ப்ரீஃப்’. இயங்கும் ட்ரங்க் போர்ட் அந்தப் பட்டியலில் வராது, பதறாதீர்கள். அதற்கு ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’. எல்லாம் சரியென்றால் முதலில் ‘ரீலோட் கேன்சல்’, அப்புறம் புதிய அமைப்பைச் சேமிக்க ‘ரைட் மெமரி’.