சாப்பிட மறுக்கும் குழந்தைக்கு டேகேர் டப்பா கட்டுவது எப்படி?

காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்த டப்பா மாலையில் கை படாமல் திரும்பி வரும்போது மனசு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். என் மகள் ஒன்றரை வயதில் டேகேர் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் ஐந்து நாளும் டப்பா அப்படியே வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் டப்பா கட்டித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். 1 முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

படி 1: எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கைச் சரி செய்யுங்கள்

பிறந்த எடை முதல் வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுக்க ஏறுவது 2 முதல் 3 கிலோதான். வளர்ச்சி நிதானமானதும் பசியும் குறைந்துவிடும். "போன மாசம் வரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டிருந்தாளே" என்று நாம் கலங்குவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். 2 வயதை ஒட்டி, பழக்கமில்லாத உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற குணமும் வந்து சேரும். அந்த வயதில் ஏராளமான குழந்தைகள் அப்படித்தான் இருக்கிறார்கள். உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள்.

அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. 2 வயதுப் பிள்ளைக்கு 2 கரண்டி சாதம், 2 கரண்டி பருப்பு, 2 கரண்டி காய். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆரம்பத்துக்கு இது போதும், கேட்டால் இன்னும் போடலாம். நான் இதைப் போல மூன்று பங்கு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்துக் கலங்கியிருக்கிறேன். ஒரு நாள் சாப்பாட்டைப் பார்க்காமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். திங்கட்கிழமை விட்டதைப் புதன்கிழமை பிடித்துவிடுவார்கள்.

படி 2: உங்கள் வேலை எது, குழந்தையின் வேலை எது?

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன பிரிவினை இது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். கேட்க எளிது. ஆனால் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று நீளும் கையை மடக்கிக்கொள்ள எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

"காயைச் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்" என்ற பேரத்தையும் விட்டுவிடுங்கள். காய் ஒரு தண்டனை, இனிப்பு அதற்குப் பரிசு என்றுதான் குழந்தையின் மனதில் பதியும். 20, 30 நிமிடத்தில் சாப்பாட்டு நேரத்தை முடித்துவிட்டுத் தட்டை எடுத்துவிடலாம். கோபமோ கெஞ்சலோ வேண்டாம்.

படி 3: பசிக்க விடுங்கள்

சாப்பாடோ சிற்றுண்டியோ இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். நடுவில் தண்ணீர் மட்டும். பிஸ்கட்டும் பழச்சாறும் நடுவில் புகுந்தால் எந்தச் சமையலும் எடுபடாது. பாலையும் கவனியுங்கள். நாளுக்கு அரை லிட்டர் வரை சரி. அதற்கு மேல் போகப் போக வயிறு பாலிலேயே நிறைந்துவிடும். இரும்புச் சத்துள்ள உணவுக்கு இடம் இருக்காது, ரத்தசோகைக்கும் வழியாகும்.

படி 4: புது உணவு வீட்டில், பழகிய உணவு டப்பாவில்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். புது இடம், புது முகங்கள், அம்மா அப்பா பக்கத்தில் இல்லை. அங்கே போய்ப் புது உணவையும் பழகு என்றால் பிஞ்சுக்கு எப்படி முடியும்? பரிசோதனையெல்லாம் வீட்டுத் தட்டில் நடக்கட்டும்.

ஒரு புது உணவை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை அதைப் பார்க்கவோ தொடவோ வேண்டியிருக்கலாம். நாமோ மூன்றாவது முறையிலேயே "இவளுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். என் மகளுக்கு வேகவைத்த கேரட்டை, பிடித்த தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு துண்டாக வைத்து வந்தேன். முதலில் தட்டிலிருந்து எடுத்து வெளியே போட்டாள். அப்புறம் விரலால் அழுத்தி நசுக்கிப் பார்த்தாள். ஒரு நாள் நாக்கால் தொட்டுவிட்டு, ஈரத்தோடு என் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு நாள் கடித்துத் துப்பினாள். பதினோராவது முறையோ பன்னிரண்டாவது முறையோ, பேச்சு வாக்கில் மென்று விழுங்கிவிட்டாள். நசுக்குவது, நக்குவது, துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். அந்த நேரத்தில் கைதட்டக்கூட வேண்டாம், கவனிக்காதது போல நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.

படி 5: டப்பாவை நிரப்புங்கள்

நான்கு சிறு பங்கு போதும்:

- வயிறு நிறைய: சாதம், பாஸ்தா, ரொட்டித் துண்டு, வேகவைத்த கிழங்கு
- புரதம்: முட்டை, பருப்பு, பன்னீர், கோழி
- ஒரு காய், ஒரு பழம்

இந்த நான்கில் குறைந்தது இரண்டு, குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற உணவாக இருக்கட்டும். பருப்போ இறைச்சியோ வைக்கும் நாளில் ஆரஞ்சு மாதிரி வைட்டமின் சி உள்ள பழத்தைச் சேர்த்தால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். உணவுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலே சில பிள்ளைகள் தொட மாட்டார்கள். அறை பிரித்த டப்பா அவர்களுக்கு உதவும்.

வெட்டுவதில் அலட்சியமே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். குறுக்கே வெட்டிய வட்டத் துண்டு அந்தக் குட்டித் தொண்டையை அப்படியே அடைத்துவிடும். கேரட், ஆப்பிள் போன்ற கடினமானவற்றை விரலில் நசுங்கும் பதத்துக்கு வேகவையுங்கள், அல்லது துருவிக் கொடுங்கள். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், உருண்டை மிட்டாய் வேண்டவே வேண்டாம். கொட்டை எந்த வடிவில் வந்தாலும் சில டேகேர்களில் அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: சூடு சூடாக, குளிர்ச்சி குளிர்ச்சியாக

5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சூடான உணவுக்குப் பிளாஸ்க் டப்பா நல்லது. முதலில் அதில் கொதிக்கும் நீரை ஊற்றி மூடி 10 நிமிடம் வையுங்கள். நீரைக் கொட்டிவிட்டு ஆவி பறக்கிற உணவைப் போட்டு உடனே மூடுங்கள். டேகேரில் தட்டில் கொட்டி ஆறவைத்துத் தரச் சொல்ல மறக்காதீர்கள். தயிர், முட்டை, வெட்டிய பழம் எல்லாவற்றையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஐஸ் பேக்கோடு வையுங்கள். அங்கே குளிர்பெட்டி இருந்தால் கவலையில்லை.

படி 7: வீட்டில் ஓர் ஒத்திகை

அந்த முதல் வாரத்துக்கு வருகிறேன். மகளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்து ஐந்து நாளும் வெவ்வேறு சமையல் செய்தேன். சனிக்கிழமை அதே டப்பாவை வீட்டில் அவள் முன் வைத்தபோதுதான் பார்த்தேன். மூடியின் கொக்கியை அந்தச் சின்ன விரல்களால் நெம்பவே முடியவில்லை. இரண்டு முறை முயன்றாள், டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். கேட்டு வாங்கும் அளவுக்கு அப்போது அவளுக்குப் பேச்சும் வரவில்லை.

அதனால் புது டப்பா வாங்கினால், ஒரு வாரம் வீட்டுச் சாப்பாட்டை அதிலேயே கொடுங்கள். திறக்க முடிகிறதா, தண்ணீர் பாட்டிலைத் திருக முடிகிறதா என்று பாருங்கள்.

திரும்பி வந்த டப்பாவைப் படிப்பது

மாலையில் டப்பாவைக் கழுவும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். கடித்துவிட்டு வைத்திருக்கிறதா, தொடவே இல்லையா, ஒரே ஓர் அறை மட்டும் காலியா? பராமரிப்பவரிடம் "சாப்பிட்டாளா" என்று மட்டும் கேட்காமல், "எதை முதலில் எடுத்தாள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாள்" என்று கேட்டுப் பாருங்கள், நிறையத் தெரியவரும். குழந்தையிடம் விசாரணை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் வழக்கமான சிற்றுண்டியைக் கொடுங்கள்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ புரையேறினாலோ, முன்பு சாப்பிட்ட உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ தள்ளிப்போடாமல் குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ஒரு வாரம் டப்பாவில் என்ன வைத்தீர்கள், என்ன திரும்பி வந்தது என்று எழுதிக்கொண்டு போனால் அவர் கேட்கிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.