சைக்கிளில் முதலில் எதை மாற்றுவது?

சைக்கிளை மேம்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பலரும் எடை குறைந்த பாகங்களையே தேடத் தொடங்குகிறார்கள். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ இருக்கும்போது, பெரும் செலவில் அரைக் கிலோவைக் குறைத்தாலும் அது மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல டயர்கள் இரண்டை வாங்கிப் போட்டால், முதல் தெருவைக் கடப்பதற்குள்ளேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

உருளும் டயர் தரையில் படும் இடத்தில் நசுங்கி மீண்டும் விரிகிறது. ஒவ்வொரு முறையும் நம் கால்களின் உழைப்பில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. தடித்து விறைத்த ரப்பரில் இந்த இழப்பு அதிகம். மெல்லிய இழைகளால் ஆன, நெகிழ்ந்து கொடுக்கும் டயரில் குறைவு. ஈரச் சாலையில் பிடிமானமும், குழியில் இறங்கும்போது கைக்கு ஏறும் அதிர்வும்கூடப் பெருமளவு டயரைப் பொறுத்தவையே.

வாங்குவதற்கு முன் பழைய டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 37-622 என்பது போன்ற எண் புடைப்பாகத் தெரியும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்; இரண்டாவது, டயர் ரிம்மில் பொருந்தும் விட்டம். இரண்டாவது எண் மாறவே கூடாது. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 559, 590 என இரண்டு அளவுகளும் விற்கப்படுவதால், அங்குலக் கணக்கை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அகலத்தை, ரிம் ஏற்கும் அளவுக்குள், சற்றுக் கூட்டலாம். ஆனால் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), ஃபிரேம், பிரேக் ஆகியவற்றுக்கும் புதிய டயருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 4 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். அகலம் கூடினால் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம், பயணமும் மென்மையாகும்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மட்டும் டயரையும் தள்ளிவைத்து அதை முதலில் மாற்றுங்கள். செயினையும் அளந்து பாருங்கள்: 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அதில் ஓர் அங்குலத்தின் 16இல் ஒரு பங்கு கூடியிருந்தாலே, பற்சக்கரங்களை அரிப்பதற்குள் அதை மாற்றிவிடுவது நல்லது. முழங்கால் வலிக்கு எந்தப் புதிய பாகமும் தேவைப்படாமல் போகலாம். நான் பல மாதங்கள் வலியோடு ஓட்டியபின், சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தியதும் அது நின்றது. பெடல் அடிப்புள்ளியில் இருக்கும்போது குதிகால் அதில் பட்டு, கால் ஏறக்குறைய நேராக நீண்டால் உயரம் சரி.

புதிய டயரை மாட்டியதும் பாதிக் காற்று மட்டும் அடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். எங்காவது உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தைக் கையால் பிசைந்து சரிசெய்த பிறகே மீதிக் காற்றை அடிக்க வேண்டும்.