இங்கே ‘குரூப்’ கிடையாது: அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பாடத்தேர்வில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு அடுத்த ஆண்டுக்கான கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் படிவம் வந்திருக்கும். ‘எத்தனை ஏ.பி. எடுக்கலாம், ஃபிசிக்ஸ் 1-ஆ சி-யா, இந்த டீச்சர் எப்படி’ என்று கேள்விகள் வந்து விழும். (ஏ.பி. என்றால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்.) பதில் சொல்ல நாலு பேர் இருப்பார்கள், நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். மகளுக்கு மூன்று வருடங்களுக்கு முன் இந்தப் படிவத்தை நிரப்பி நன்றாகச் சூடுபட்டவன் நான், இப்போது மகனுக்காக மறுபடி அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் இருப்பது கலிபோர்னியா, அதனால் பெரும்பாலும் இங்கத்திய கணக்கைத்தான் சொல்வேன்.

முதல் தவறு படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே நம் தலைக்குள் நடந்துவிடுகிறது. நமக்குப் பதினோராம் வகுப்பு என்றால் குரூப். ஃபர்ஸ்ட் குரூப்பா, கம்ப்யூட்டர் சயன்ஸா, காமர்ஸா என்று ஒரு தடவை முடிவு செய்தால் வரலாறும் புவியியலும் ஒழிந்தன. தமிழும் ஆங்கிலமும் இருக்கும், ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100, ஆக 200-க்குத்தான் கணக்கு. மொழிப்பாடம் பாஸானால் போதும். இந்தப் புத்தி நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அமெரிக்கப் பள்ளியிலோ ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, இன்னொரு மொழி என்று ஐந்துமே மையப் பாடங்கள். பிள்ளை கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கே போனாலும் இந்த ஐந்தின் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்.

நான் செய்தது இதுதான். மகள் படிவத்தில் ஏ.பி. கால்குலஸ் பி.சி., ஏ.பி. கெமிஸ்ட்ரி, ஏ.பி. கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றையும் பற்றி இரண்டு வாரம் விவாதித்தேன், ஊரெல்லாம் விசாரித்தேன். மீதி இடங்களில் அமெரிக்க வரலாறு, ஆங்கிலம் இரண்டையும் அவள் ஏ.பி.யாகவே போட்டிருந்தாள், ஸ்பானிஷ் 3 இருந்தது. ‘சரி, அது சும்மா படிக்கிறதுதானே’ என்று அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டேன். நவம்பரில் வீட்டைப் புரட்டிப் போட்டது கால்குலஸ் இல்லை, நான் தாண்டிப் போன அந்த இரண்டும்தான்.

ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? ஏழு ஆவணங்களைக் கொடுப்பார்கள். ஒரு கடிதம், ஒரு கேலிச்சித்திரம், ஒரு மேடைப்பேச்சின் பகுதி என்று கலந்து இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் படித்து, ஒரு வாதத்தை நிறுவி, எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதையும் சேர்த்துக் கட்டுரையாக்க வேண்டும். ஆங்கில மொழித் தாளில் மூன்று கட்டுரைகள். இதற்கான பயிற்சி ஆண்டு முழுக்க நடக்கும், வாரத்துக்கு வாரம் படிக்க வேண்டிய பக்கங்கள் குவியும். மனப்பாடம் செய்தோ கணக்குப் போட்டுப் பழகியோ தப்பிக்க முடியாது. அந்த வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: மூன்றரைக்குப் பள்ளி முடிந்து, பரதநாட்டிய வகுப்பு முடிந்து, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே வரலாற்றுப் புத்தகத்தில் இருபது பக்கம், அப்புறம் கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட், அப்புறம் மறுநாள் கொடுக்க வேண்டிய ஆங்கிலக் கட்டுரை. ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் மேசை விளக்கின் கீழே தலை சாய்ந்து தூங்குகிறாள், லேப்டாப் திறந்தபடி இருக்கிறது. கட்டுரை பாதியில் நிற்கிறது. அந்த செமஸ்டர் வரலாற்றில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, சி.

ஏதாவது ஒன்றை விட்டுவிடலாம் என்று ஓடினோம், கெடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு விட்டால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரிகள் பார்க்கும் மதிப்பெண் பட்டியலில், அது விழும் என்றார்கள். இந்தக் கெடு ஒவ்வொரு பள்ளியிலும் வேறு வேறு, பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். படிவம் நிரப்பும்போதே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கோர்ஸைச் சேர்ப்பதற்குத் தேதி பார்க்கும் நாம் விலகுவதற்குத் தேதி பார்ப்பதே இல்லை.

ஆகவே ஒவ்வொரு பாடமாக ‘இவனால் முடியுமா’ என்று கேட்பது தப்பான கேள்வி. தனித்தனியாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முடியும் என்றுதான் பதில் வரும். ஒரு காகிதத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்டு, பள்ளி, பயணம், விளையாட்டு, பாட்டு வகுப்பு, ஞாயிறு தமிழ்ப் பள்ளி, எட்டு மணி நேரத் தூக்கம் இதையெல்லாம் முதலில் அடைத்துவிட்டு, மிச்சம் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அந்தப் பாடங்களை இந்த ஆண்டு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் வாரத்துக்கு எவ்வளவு வீட்டுவேலை என்று உங்கள் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். பெற்றோரிடம் கேட்காதீர்கள், பெற்றோர் எல்லோரும் ‘எங்க பையனுக்கு ஈசிதாங்க’ என்றுதான் சொல்வோம்.

கூடுதல் பாயிண்டுக்காக ஏ.பி.யைக் குவிப்பதும் நம்மவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா (யு.சி.) கணக்கைப் பாருங்கள். அவர்களுடைய ஜி.பி.ஏ.க்குள் (ஏ-க்கு 4, பி-க்கு 3 என்று போடும் சராசரி) ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் வராது, பத்தும் பதினொன்றும்தான் வரும். ஏ.பி., ஆனர்ஸ் (சாதாரண வகுப்பை விடக் கடினமான) பாடங்களுக்கு ஏறும் கூடுதல் பாயிண்ட் மொத்தம் 8 செமஸ்டருக்குத்தான், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4 செமஸ்டருக்கு மேல் சேராது. எட்டு செமஸ்டர் என்றால் நான்கு முழு ஆண்டுப் பாடங்கள். அதற்கு மேல் எடுக்கும் ஏ.பி.க்கு இந்தக் கணக்கில் பாயிண்ட் ஏறாது. பாடம் கடினமானது என்ற பெயர் கிடைக்கும், அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஏ வாங்கக்கூடிய பிள்ளையை சி வாங்க வைக்கும் அளவுக்கு இல்லை. பள்ளி வெப்சைட்டில் தெரியும் 4.6, 4.7 எல்லாம் உள்ளூர்க் கணக்கு. பல கல்லூரிகள் தங்கள் முறையில் திருப்பிப் போட்டுப் பார்க்கும்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டக்கூடும். அங்கே நிலைமை வேறு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2026 இலையுதிர் கால அட்மிஷனிலிருந்து வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் வருபவர்களுக்குத் தானாக இடம், அதற்கு முன் 6 சதவீதம். ரேங்க் என்று வந்துவிட்டால் தசமப் புள்ளிக்காகப் பாடம் தேர்ந்தெடுக்கத்தான் தோன்றும். ஆனால் இடம் பல்கலைக்கழகத்தில்தானே உறுதி, கேட்ட மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில், இல்லையே.

இனி கலிபோர்னியாவின் ஏ-ஜி, அதாவது யு.சி.யில் சேரப் பள்ளியில் முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல். இதைத் தெரியாதவர் யாரும் இல்லை, சரியாகத் தெரிந்தவரும் குறைவு. ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகளில் 15 முழு ஆண்டுப் பாடங்கள், எல்லாவற்றிலும் குறைந்தது சி. இதில் பலர் தவறவிடுவது என்னவென்றால் இந்தப் பதினைந்தில் 11 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அதாவது ஜூனியர் ஆண்டு முடியும்போது. எல்லோரும் கணிதம், அறிவியலை எண்ணிவிட்டு எஃப் பிரிவை மறப்பார்கள்: ஓவியம், இசை, நாடகம் மாதிரி ஒரு கலைப் பாடம், ஒரு முழு ஆண்டு.  நம் வீட்டுப் பெண் பத்து வருடம் வீணை கற்றிருந்தாலும் அது வெளியே கற்றது, பள்ளிக் கோர்ஸாகாது.

கணிதத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் நமக்குப் பெருமை அதிகம். அல்ஜீப்ரா 2-ஐக் கோடையில் ஆறு வாரத்தில் ஆன்லைனில் முடித்துத் தாண்ட வைத்துவிட்டு, பதினொன்றில் கால்குலஸ் பி.சி.யில் உட்கார வைப்போம். கால்குலஸில் தடுக்கி விழும் பிள்ளைகளை உற்றுப் பார்த்தால் அவர்களுக்குக் கால்குலஸ் புரியாமல் இல்லை, லாகரிதமும் டிரிக்னாமெட்ரியும் கையில் நிற்பதில்லை. அவசரப்பட்டு ஓடி வந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தவை. இன்னொன்று, பதினொன்றிலேயே பி.சி. முடித்துவிட்டால் பன்னிரண்டில் என்ன? பள்ளியில் அடுத்த கணிதம் இருக்கிறதா, கம்யூனிட்டி காலேஜுக்கு (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) போக வேண்டுமா, யார் வண்டி ஓட்டுவது? இதையும் இப்போதே கேட்க வேண்டும். கடைசி ஆண்டில் கணிதமே இல்லாமல் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிப்பது நன்றாக இருக்காது. கடினம் என்று பயந்து வேறு வழியாகச் சுற்றிப் போவதிலும் கவனம் வேண்டும். அல்ஜீப்ரா 2-க்குப் பதிலாக டேட்டா சயன்ஸ் எடுத்தால் போதும் என்று கொஞ்ச காலம் பேச்சு ஓடியது. 2023-இல் யு.சி.யின் பேராசிரியர் குழு அது ஈடாகாது என்று சொல்லிவிட்டது.

ஃபிசிக்ஸில் ஒரே வரி: ஏ.பி. ஃபிசிக்ஸ் 1 அல்ஜீப்ராவை வைத்து நடப்பது, ஃபிசிக்ஸ் சி கால்குலஸை வைத்து நடப்பது. கால்குலஸ் முடித்திருக்க வேண்டும், இல்லை அதே ஆண்டில் கூடவே படிக்க வேண்டும். ஏ, பி, சி-யில் ‘சி’ கடைசி எழுத்து, எளிதாக இருக்கும் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு பலருக்கு நல்ல வழிதான், செலவும் குறைவு. யு.சி. கணக்கில் ஒரு செமஸ்டர் காலேஜ் பாடம் பள்ளியின் ஒரு முழு ஆண்டுக்குச் சமம். ஆனால் அது உண்மையான காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட், பதினாறு வயதில் வாங்கிய டி-யும் அதிலேயே இருக்கும். டாக்டர் கனவு உள்ள வீடுகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பின்னாளில் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில், பள்ளியில் இருக்கும்போது எடுத்த காலேஜ் பாடங்களின் மதிப்பெண்ணையும் காட்டியாக வேண்டும்.

மொழி. ‘ஸ்பானிஷ் இரண்டு வருஷம் முடிஞ்சாச்சு, விட்டுடலாம், அந்த இடத்தில் இன்னொரு ஏ.பி. போடலாம்.’ இது மிகப் பரவலான தவறு. யு.சி.க்கு இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று ஆண்டு நல்லது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் படித்த பிள்ளைக்குச் சில பள்ளி மாவட்டங்கள் மொழிக்கான கிரெடிட் தருகின்றன. உங்கள் மாவட்டம் தருமா, எந்தப் பள்ளியின் சான்றிதழை ஏற்கும், கல்லூரிக்கும் அது செல்லுமா என்பதைப் பள்ளியின் கவுன்சிலரிடம் (பாடத்தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் ஆலோசகர்) மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே ஸ்பானிஷை விடுங்கள். போன வருடம் அந்த அக்கா பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்பது ஆதாரம் ஆகாது.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது பெரும்பாலும் பதினோராம் வகுப்பு மையப் பாட ஆசிரியர்கள்தான். பன்னிரண்டு தொடங்கி இரண்டு மாதத்தில், நவம்பர் 1-க்கே பல விண்ணப்பங்கள் போய்விடும், புது ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியவே தெரியாது. இங்குள்ள எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமும், மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியர் ஒருவரிடமும் கடிதம் கேட்கிறது. எம்.ஐ.டி.யே கேட்கிறது என்றால்! ஆங்கில வகுப்பின் கடைசி வரிசையில் தூங்கி வழியும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது கடிதத்தில் என்ன எழுத முடியும்? என் மகளுக்கு அந்தக் கடிதம் எழுதியவர், சி போட்ட அதே வரலாற்று ஆசிரியர். இரண்டாம் செமஸ்டரில் அவள் வாரம் ஒருநாள் மதிய இடைவேளையில் அவரிடம் போய் உட்கார்ந்து, கட்டுரையைத் திருத்தி வாங்கி, பி-க்கு ஏறியிருந்தாள்.

கவுன்சிலர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களுடைய சங்கம் பரிந்துரைக்கும் அளவு, பெரிய பள்ளிகளில் அதற்கு மேல்தான் இருக்கும். சந்திப்பு பத்து நிமிடம். அதில் ‘என்ன எடுக்கலாம்’ என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில் வரும். பதினைந்தில் எத்தனை முடிந்திருக்கிறது, எது பாக்கி, விலகும் கெடு எப்போது, இந்த இரண்டு பாடங்கள் ஒரே பீரியடில் மோதுமா என்று எழுதி எடுத்துப் போய் கேட்டால் அந்தப் பத்து நிமிடம் போதும். பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே பழகியவன், இந்த முறை வெளியே காரில் இருந்தேன்.

மகன் படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஐந்து கட்டம் நிரம்பிவிட்டது, அதில் ஏ.பி. மூன்று, வரலாறு சாதாரண வகுப்பு. ஆறாவதில் பென்சிலால் ‘செராமிக்ஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறான். எஃப் இன்னும் பாக்கி, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாதான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “களிமண் பிசையவாடா இவ்வளவு தூரம் வந்தோம்” என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.